சகலன் தந்த சில்லு

கார் டயரின் கன்னத்தில் எழுதியிருக்கும் எண்களை நான் முதன்முதலாக வாசித்தபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. அதற்கு முன் பதினொரு வருடம் கார் ஓட்டியிருந்தேன். அதைவிடப் பெரிய வெட்கம், என் உத்தியோகமே புத்தகங்களுக்கு நடுவில்தான். கிழக்கு லண்டனில் கவுன்சில் நூலகம் ஒன்றில் இருந்தேன். கார் திருத்தும் கையேடுகளுக்கு அங்கே எப்போதும் கிராக்கி. கிறீஸ் அப்பிய பக்கங்களோடு அவை திரும்பி வரும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு தேதி முத்திரை குத்துவேன். ஒன்றையாவது திறந்து பார்த்ததில்லை. இலக்கியம் படிக்கிறவனுக்கு அது கௌரவக் குறைவு என்று ஒரு எண்ணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிழக்கு லண்டனிலேயே, ஃபாரஸ்ட் கேட்டில் குடியிருந்தோம். மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. பல வருடம் வார்டில் ஷிப்ட் அடித்துக் களைத்தவளுக்கு, வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு மருந்து கட்டும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. பகல் வேலை. ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த மாதம் தொடங்குவதற்கு முன் கார் ஓட்டும் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். இரண்டு முறை பரீட்சையில் தோற்றவள். மூன்றாவது முறைக்கு ஒரு வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். அதுவும் போனால் அடுத்த தேதிக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வேலை இன்னொருத்தியிடம் போய்விடும். ஆகவே அந்த வெள்ளிக்கிழமையை நோக்கியே வீடு நடந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில்கூட ஹைவே கோட் என்ற வீதிச் சட்டப் புத்தகத்தின் பக்கங்கள் ஒட்டப்பட்டிருந்தன.

இரண்டாம் முறை அவள் தோற்ற காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். ஓரமாக நிறுத்தச் சொன்னால், நடைபாதைக்கும் காருக்கும் இடையில் ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்கலாம் போல இடம் விட்டு நிறுத்துவாள்.

பரீட்சைக்கு முந்திய வாரம், ஒரு வியாழக்கிழமை மதிய இடைவேளையில், நான் காரை நடைபாதைக் கல்லில் மோதினேன். பழைய சாமான் விற்கும் தருமக் கடை ஒன்றின் வாசலில் புத்தகப் பெட்டி வைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்தே தலைப்புகளை வாசிக்க முயன்றேன். முன் இடது சில்லு, அதாவது சக்கரம், கல்லில் ஏறி இறங்கியது. மாலையில் பார்த்தால் டயரின் கன்னத்தில் கொழுக்கட்டை அளவில் ஒரு வீக்கம்.

வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்திய நாள் அவள் பின்பக்கமாக எடுத்துப் பழகியது நல்ல நேரத்தில் நினைவுக்கு வந்தது.

“நேற்று நீர் ரிவேர்ஸ் எடுக்கேக்க முட்டியிருக்கும்” என்றேன், பெருந்தன்மையான குரலில். “பரவாயில்லை, பழகிற நேரம் நடக்கிறதுதானே.”

அவள் டயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஓம், இருக்கும்” என்றாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கலியாணம் கட்டிப் பதினாறு வருடமாகியும் அவளுடைய ‘இருக்கும்’ என்ற சொல்லின் ஆழம் எனக்குப் பிடிபட்டிருக்கவில்லை.

வீக்கம் கண்ட டயரோடு ஓடக்கூடாது. டிக்கியில் கிடந்த உபரிச் சில்லோ முழு மொட்டை. வேறு மனிதராக இருந்தால் நேரே டயர் கடைக்குப் போயிருப்பார். எங்கள் ஆட்களுக்குக் கடை என்பது கடைசிப் படி. முதலில் சொந்தத்தில் யாருடைய ஷெட்டுக்குள்ளாவது அந்தச் சாமான் கிடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் வாங்கினால், “எங்களிட்டக் கேட்டிருக்கலாமே” என்ற மனத்தாங்கல் இரண்டு கலியாணம், ஒரு செத்தவீடு தாண்டியும் தொடரும். ஆகவே சகலனுக்குப் போன் செய்தேன்.

சகலன் என்றால் மனைவியின் அக்காவின் கணவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், தெற்கு லண்டனில், ஸ்ட்ரெதத்தில் வீடு. கார் விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் இறுதித் தீர்ப்பு. ஜப்பான் கார் ஒன்றை முதலில் அவர் வாங்கினார். அது திறம் என்று அவர் சொன்னதால் அதே மொடலை நானும் வாங்கினேன், அதே சாம்பல் நிறத்தில். குடும்ப விசேஷங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒருமுறை அவருடைய கதவைத் திறக்க என் சாவியோடு ஐந்து நிமிடம் போராடியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஆற்றைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். டிக்கியில் ஒரு முழுச் சில்லு, றிம்மோடு. டயர் ஏறத்தாழப் புதிது. ஷெட்டில் சும்மா கிடந்ததாம்.

“அளவு சரியா இருக்குமோ அண்ணை?” என்று மெல்லக் கேட்டேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “ஐசே, உம்மட காரும் என்ர காரும் ஒண்டு. அதே கொம்பனி, அதே மொடல், நிறமும் ஒண்டு. இதுக்குள்ள என்ன அளவு பாக்கிறது?”

அவர் சொன்ன பிறகு குனிந்து பார்ப்பதற்கு ஒரு அர்த்தம் உண்டு. உம்முடைய வார்த்தையில் எனக்கு நம்பிக்கையில்லை என்று அர்த்தம். மூத்த சகலன், லண்டனைக் குறுக்கே கடந்து வந்தவர், கொண்டு வந்ததோ இனாம். இருந்தும் என் இடுப்பு தானாகக் கொஞ்சம் வளைந்துவிட்டது.

“என்ன பாக்கிறீர்?”

“ஒண்டுமில்லை அண்ணை. சப்பாத்து லேஸ் அவிண்டு போச்சு” என்று சொல்லிக் காலடியில் கையை வைத்தேன். அன்று நான் போட்டிருந்தது செருப்பு. வாசலில் தேநீரோடு நின்ற மனைவி என் காலைப் பார்த்தாள்.

சில்லை மாட்டினோம். அவர் சொல்ல நான் முறுக்கினேன். நட்டுகள் எல்லாம் சரியாக இறங்கின. துளைகள் பொருந்தியதையே அவர் தம் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டினார். எழுந்து நின்று பார்த்தபோது, இடது டயர் வலதைவிடக் கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. ஸ்ட்ரெதத்துச் செழிப்பு என்று எடுத்துக்கொண்டேன். சகலன் இறைச்சிக் கறியோடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பரீட்சைக்கு ஆசீர்வாதமும் சொல்லிப் புறப்பட்டார்.

திங்கள் மாலை மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் பக்கத்தில். முதல் சந்தியைத் தாண்ட முன்னரே சொன்னாள்: “கார் இடப்பக்கம் இழுக்குது.”

கையைத் தளர்த்திப் பிடிக்கச் சொன்னேன். செவ்வாயும் இழுத்தது. இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். இழுக்கிறதே என்று பயந்து அவள் வலப்பக்கம் ஒடிக்க, எதிரே வந்த பஸ் சாரதி கையால் ஏதோ சைகை காட்டினார். அது ஹைவே கோட்டில் இல்லாதது. வீட்டுக்கு வந்ததும் அவள் சாவியை மேசையில் வைத்துவிட்டு, “வெள்ளிக்கிழமை நான் போகேல்லை. வார்டிலயே இருக்கிறன்” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு அன்று நித்திரை வந்திருக்கும். சகலனுக்குப் போன் செய்து கேட்டேன். காரில் ஒன்றுமில்லை, அவளுக்குக் கைச் சமநிலை போதாது என்று தீர்ப்புச் சொன்னார். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. எனக்கும் சில எல்லைகள் உண்டு.

புதன்கிழமை நான் நூலகத்திலிருந்து திரும்பியபோது, அவள் வீட்டு வாசலில் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். ஒரு கையில் ஈரத்துணி. மறு கையில், நோயாளிகளின் காய்ச்சலும் நாடியும் குறிக்கும் சின்ன நோட்டுப் புத்தகம். முன் சில்லுகள் இரண்டையும் துடைத்து, இருப்பதை இருந்தபடி எழுதியிருந்தாள். வலது: 155 R 13. இடது: 175/70 R 13.

“இது ரெண்டும் ஒண்டோ?” என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். கொஞ்சம் யோசித்து, எழுபது என்பது மோட்டார்வேயில் ஓடக்கூடிய வேகம் என்று விளக்கினேன். சட்டப்படி எழுபது மைல்தானே? பழைய டயர்களில் அதை எழுதவில்லை. அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சொல்லாமலே தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டேன். சொல்லும்போதே அது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

அவள் எழுந்தாள். காரின் முன் இருக்கைக்கு எதிரேயுள்ள சின்னப் பெட்டியைத் திறந்து, வாங்கிய நாள் முதல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்த கைநூலை எடுத்தாள். கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை இருந்தது. ஒரே கார், ஒரே பெயர், மூன்று தரங்கள். கீழ்த்தரத்துக்கு 155 R 13. மேல்தரத்துக்கு அகலமான றிம், 175/70 R 13. எங்களுடையது கீழ்த்தரம் என்பதைக் காரின் பின்பக்கத்தில் பித்தளை நிற எழுத்திலே எழுதி வைத்திருந்தார்கள். மூன்று வருடமாக நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். சகலனும் நானும் சமம் என்ற அழகான நம்பிக்கை அந்த அட்டவணையின் கடைசி வரியில் முடிவுக்கு வந்தது.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ரயில் பாலத்து வளைவுக்குக் கீழேயிருந்த டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதான ஜமெய்க்காக்காரர். இரண்டு சில்லுகளையும் ஒரு பார்வை பார்த்தார். ஒரு காலில் உன் சப்பாத்து, மற்றக் காலில் உன் அண்ணனுடைய சப்பாத்து, பிறகு நடை கோணுகிறது என்று மனைவியைக் குறை சொல்கிறாய் என்றார். யாரும் அவருக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை. மனைவி முதன்முறையாக அந்த வாரத்தில் சிரித்தாள்.

பிறகு எண்களை விளக்கினார், அவளுக்கு மட்டும். என்னைப் பார்த்து ஒரு சொல்கூட இல்லை. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். சரிந்த கோட்டுக்குப் பின்னால் வருவது கன்னத்தின் உயரம். மில்லிமீற்றர் அல்ல, அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. எழுபது என்றால் நூற்றுக்கு எழுபது. அந்த இரண்டாவது எண்ணே இல்லாத பழைய வகைக்கு எண்பத்திரண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். R என்றால் உள்ளே நார்கள் ஓடும் விதம். பதின்மூன்று என்பது றிம்மின் விட்டம், அது அங்குலத்தில். மில்லிமீற்றர், சதவீதம், அங்குலம் மூன்றையும் ஒரே வரியில் கட்டி வைத்துவிட்டு, அதை அளவு என்று அழைக்கிறார்கள். இதை எழுதியவர் ஏதோ கமிட்டியில் மூன்று பேருடைய மனமும் நோகாமல் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் கோயில் நிர்வாக சபை நினைவுக்கு வந்தது.

கணக்குப் போட்டுக் காட்டினார். சகலனுடையது அகலம் கூட, ஆனால் மொத்த உயரம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறைவு. கிட்டத்தட்டச் சரிதான், அதனால்தான் ஆபத்து என்றார். பெரிதாகப் பிழைத்திருந்தால் மாட்டவே முடிந்திருக்காது. அரைகுறையாகப் பொருந்துவதுதான் வீதிக்கு வருகிறது. ஒரே அச்சில் இரண்டு அளவு இருந்தால் சட்டப்படியும் பிழை. பரிசோதகர் கண்டால் காரில் ஏறாமலே திருப்பி அனுப்பிவிடுவார். பரீட்சை போனது போனதுதான்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒருவருடைய மனம் நோகக்கூடாது என்று குனியாமல் நின்றவன், இவளுடைய வேலையையே அல்லவா நோகடிக்கப் பார்த்தேன்.

முன்னுக்கு இரண்டும் புதிதாக, ஒரே அளவில், ஒரே வகையில் போட்டார். டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண்ணும், எவ்வளவு வேகம் தாங்கும் என்ற எழுத்தும் கைநூலில் சொன்னதைவிடக் குறையக்கூடாது என்று அவள் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவள் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். வீடு திரும்பும்போது கார் நேராகப் போனது. நான்கு நாள் இழுத்த காரைப் பிடித்துப் பழகிய கைக்கு நேராகப் போகும் கார் விளையாட்டுப் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை பரீட்சை நிலையத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன நாவலின் ஒரே பக்கத்தை நாற்பது நிமிடம் வாசித்தேன். கார் திரும்பி வந்து நின்றது. பரிசோதகர் ஏதோ எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அவள் இறங்கி, சிவப்பு எல் எழுத்தை முன்னும் பின்னும் தன் கையாலேயே பிய்த்தெடுத்து என்னிடம் நீட்டினாள். “ஏறுங்கோ” என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை. நூலகத்து வீதியால் போய், அந்தத் தருமக் கடைக்கு முன்னால் காரை ஓரம் கட்டினாள். கல்லுக்கும் சில்லுக்கும் இடையில் சரியாக ஒரு சாண். கதவுக்கு வெளியே, கல்லின் விளிம்பில், கறுப்பாக ஒரு தேய்ப்பு இருந்தது.

“இஞ்சதானே முட்டினனீங்கள்?”

புத்தகப் பெட்டி அன்றும் வாசலிலேயே இருந்தது. மறுப்பதில் பயனில்லை. “ஓம்” என்றேன். “உமக்கு எப்ப தெரியும்?”

“அண்டைக்கே. நான் கல்லுக்குக் கிட்டப் போறேல்லை எண்டுதானே போன முறை பெயில் விட்டவங்கள். கிட்டப் போகாதவள் எப்பிடி முட்டுறது? நூலகத்து வீதியில உங்கட கண் போறது இந்தப் புத்தகப் பெட்டிக்குத்தானே.”

“பிறகேன் ஓம் எண்டனீர்?”

“சோதினை முடியட்டும் எண்டு பாத்தன். ரெண்டு வில்லங்கத்தை ஒரே கிழமை பாக்க ஏலாது.”

கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, மறுபடி கண்ணாடியைப் பார்த்துவிட்டு வீதிக்கு எடுத்தாள். சகலனுடைய சில்லு பின்னால் டிக்கியில் உருண்டு இடித்தது. நாளைக்கு ஸ்ட்ரெதத்துக்குப் போறம், நான் ஓடுறன் என்றாள். அந்தச் சில்லைத் தூக்கி, அவளுடைய அத்தானான சகலனின் கையில் கொடுத்து, அளவு சரியில்லை என்று என் வாயால் நான் சொல்ல வேண்டுமாம். குனிந்து பார்த்துத்தான் தெரிந்தது என்றும் சொல்ல வேண்டுமாம்.

வேறு ஏதாவது சொல்லித் தப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்குச் சப்பாத்துப் போடுங்கோ” என்றாள், வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல். “லேஸ் உள்ளதா.”