குடை தெரியும் தூரம்

பள்ளிக்கூடத்துக்குத் தந்தி வந்திருக்கிறது என்றதும், "எந்தக் கடற்கரையிலிருந்து?" என்றுதான் கேட்டேன். சில நாளாக வேலைக்கு வராத சவரிமுத்து மாஸ்டர் என்னை விட்டுவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டார் என்ற கோபத்தில் இருந்தேன். நாவலப்பிட்டியிலிருந்து என்றார்கள். காய்ச்சல், சொந்த வீட்டுக் கட்டில். சவரிமுத்து மாஸ்டர் காலமானார் என்று எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை.

கண்டியில் எங்களோடு பூமிசாஸ்திரம் கற்பித்தவர். வகுப்பில் அவர் கதிரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் கயாக் என்ற ஒற்றை ஆள் படகின் படத்தைப் பார்த்த அன்றே தேயிலைப் பெட்டிப் பலகை தேடக் கிளம்பிவிட்டார். பலகையில் சட்டம் அடித்து, அதன்மேல் கித்தானை இழுத்துத் தைத்து, தார் பூசி, பேராதனையில் மகாவலியில் இறக்கினார். ஆறு அலுத்ததும் கடல். விடுமுறை வந்தால் படகு ரயிலின் சாமான் பெட்டியில் ஏறும். கூடவே நானும்.

எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது, வெயிலும் ஆகாது. அவருடைய மனைவி பிலோமினா ஒரு பெரிய கறுப்புக் குடையை என்னிடம் தந்து, "அண்ணன், கரையில இதை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. குடை தெரியிற தூரம் வரைக்கும்தான் போவேன்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருக்காரு" என்றார். அத்தோடு மாட்டிக்கொண்டேன்.

முதலில் நீர்கொழும்பு. நல்ல மீன் கிடைத்தது. மறுமுறையும் அங்கேயே போகலாமே என்றேன். "பார்த்த தண்ணியவே பார்த்துக்கிட்டிருக்கக் கண்டி வாவி போதாதா மாஸ்டர்?" என்றார். பிறகு சிலாபம், புத்தளம். மீன் அகப்பட்ட இடம் அன்றே அவருக்குப் பழசாகிவிடும்.

புத்தளத்துக்கு அப்பால் ஒரு முகத்துவாரத்தில்தான் அது நடந்தது. காலையில் தண்ணீர் கடலிலிருந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. "எதிர்த்துப் போயிடுறேன். திரும்பும்போது அதுவே கொண்டாந்து விட்டுடும்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மகாவலியைத் தவிர ஓடும் தண்ணீரை அறியாதவர்கள் நாங்கள். மத்தியானம் ஓதம் மாறித் தண்ணீர் திரும்பி, அவரைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. படகு புள்ளியாகி, புள்ளியும் மறைந்தது.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "குடையை மடக்கிட்டு நிழலுக்கு வாங்க ஐயா" என்றார். காற்றில் கம்பிகள் வளைந்தன. பிலோமினாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு நினைவே இல்லை. நான் மடக்கவில்லை.

பொழுது சாயும்போது வந்து சேர்ந்தார். உள்ளங்கை முழுவதும் கொப்புளம். சத்தியத்தை மறந்தீர்களா என்று கத்தினேன்.

"கடுகளவு தெரிஞ்சுது மாஸ்டர். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்" என்றவர், மூச்சு வாங்கியபடியே, "அங்க ஒரு மணல் திட்டு இருக்கு, அதுக்கு அப்பால இன்னொரு இடம் இருக்கு. அடுத்த லீவுக்குப் போறோம்" என்றார். அன்று அவரோடு பேசாமல் ரயிலேறினேன். பொல்காவலை வருவதற்குள் சிரித்துவிட்டேன்.

அந்த இடத்துக்கு நாங்கள் போகவே இல்லை.

"காய்ச்சல்லயும் எந்திரிச்சு எந்திரிச்சு உட்கார்ந்தாரு, அண்ணன். மாஸ்டர் குடையோட வந்துட்டாரான்னு கேட்டாரு" என்று பிலோமினா அழுதார்.

அடக்கத்தின்போது மழை. அதே குடையை விரித்தேன். மண் போட்டு முடிவதற்குள் மழை விட்டது. எல்லோரும் குடைகளை மடக்கிக்கொண்டு கல்லறை மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கினார்கள். நானும் மடக்கப் போனேன். பிலோமினா என் கையைத் தடுத்தார்.

"இருங்க அண்ணன். இப்பத்தானே போயிருக்காரு."

போய் வாருங்கள், மாஸ்டர். வெயில் வந்த பிறகும் விரித்த குடையோடு அங்கேயே நின்றோம்.