பட்டாணிக்கு ஒரு சொந்தக்காரர்

எங்கள் கட்டிடத்தில் இரண்டாவது மாடிக்காரரை எல்லோரும் யூனிட்டார் என்றுதான் கூப்பிடுவோம். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பது அவர் வேலை. பேச்சும் அந்த மாதிரியே அளவாக இருக்கும். மழை வருமா என்று கேட்டால், "தெரு நனையற அளவுக்கு வரும்" என்பார். தரைத்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. ரத்த சொந்தம் எதுவும் இல்லை. பதினான்கு வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய சொந்தம்.

அண்ணனுக்கு நாய் என்றால் நடுக்கம். ரீடிங் எடுக்கப் போன இடத்தில் இரண்டு முறை கடி வாங்கியவர். ஒன்று இடது கெண்டைக்காலில், இன்னொன்று உள்ளங்கையில். அதற்குப் பிறகு வெயில் மழை பாராமல் நீளக் குடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனார். கேட்டைக் குடைப் பிடியால் தட்டி, "நாய் கட்டியிருக்கா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் "கரண்ட் ரீடிங்" என்பார். தெருமுனையில் ஏதாவது ஒரு நாய் சும்மா படுத்திருந்தால்கூட, சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாக வீட்டுக்கு வருவார். நாங்கள் கேலி செய்வோம். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

மூன்றாவது மாடியில் வங்கி அதிகாரி ஒருவர் தனியாகக் குடியிருந்தார். அவர் வாங்கி வளர்த்த நாய்தான் பட்டாணி. வெளிர் பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். அதிகாரிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வீடு பார்த்ததும் ஒரு வாரத்தில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லி, படிக்கட்டுக்குக் கீழே ஒரு போர்வையை விரித்து நாயை விட்டுவிட்டுப் போனார். ஒரு வாரம் ஒரு மாதமானது. பிறகு அவர் தொலைபேசியும் எடுக்கவில்லை.

அதனால் பட்டாணி எங்கள் எல்லோருடைய நாயானது. பதினொரு வீட்டிலிருந்தும் மிச்சம் மீதி வந்தது. பிள்ளைகள் அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் கடைக்கு வருகிறவர்களிடம் "நம்ம பில்டிங் நாய்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒருவரும் அதற்கு ஊசி போடக் கூட்டிப்போகவில்லை. அது எங்கே போய் அசிங்கம் செய்கிறது, பெருக்குகிற அம்மா அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. நான்கு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு புதன்கிழமை மதியம், பார்சல் கொண்டுவரும் பெண் படிக்கட்டுக்கு அடியில் வண்டிச் சாவியைத் தவறவிட்டு எடுக்கக் குனிந்தாள். தூங்கிக்கொண்டிருந்த பட்டாணி திடுக்கிட்டு எழுந்து அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. ஆழமான கடி. நான்தான் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டேன். அதற்குள் யாரோ நகராட்சிக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை வண்டி வந்தது. இரண்டு பேர் வலையோடு இறங்கினார்கள். பெரியவர் தன்மையாகத்தான் பேசினார். நாய்க்குச் சொந்தக்காரர் இருந்தால், வெறிநோய் இருக்கிறதா என்று பத்து நாள் வீட்டிலேயே கட்டிவைத்துக் கண்காணிக்கலாம், இல்லையென்றால் கொண்டுபோக வேண்டியதுதான் என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "யாரோட நாய் இது?" என்று கேட்டார்.

கட்டிடத்தில் பாதிப்பேர் அங்கே நின்றிருந்தோம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார். நான் கடைக்குள் திரும்பி, அச்சடிக்காத காகிதக் கட்டு ஒன்றை அவசர வேலை மாதிரி அடுக்க ஆரம்பித்தேன். இதை மறைத்து எழுதினால் அண்ணனைப் பற்றி எழுதுவதில் அர்த்தம் இல்லை.

அப்போது படியில் நின்றிருந்த அண்ணன் சொன்னார். "என்னோடதுதான்."

பெரியவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது. திரும்பக் கேட்டார். "என்னோட நாய்தாங்க. எழுதிக்குங்க" என்றார் அண்ணன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அன்று அண்ணி அவரை ஒரு வழி பண்ணிவிட்டார் என்பது எனக்கு அண்ணியே சொல்லித் தெரியும். நாயைக் கண்டால் தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிற மனிதர் நாய்க்குச் சொந்தக்காரர் என்று கையெழுத்துப் போட்டால் எந்த மனைவிதான் சும்மா இருப்பார். கத்தி ஓய்ந்த பிறகு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாராம்:

"என்னைக் கடிச்சப்போ ரெண்டு வீட்டுலயும் கேட்டேன். ரெண்டு வீட்டுலயும் எங்க நாய் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அந்த நாய்ங்க அவங்க வாசல்லயே படுத்திருந்துச்சு. நேத்து அந்தப் பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டு நின்னா பாரு, அவளுக்கும் அதே பதில்தான் கிடைக்கப்போகுது. என்னால அதைக் கேட்டுக்கிட்டு நிக்க முடியல."

அண்ணி, "கட்டிலுக்குப் பக்கத்துல வரக்கூடாது" என்று மட்டும் சொன்னாராம்.

பார்சல் பெண்ணுக்கு ஐந்து ஊசி போட வேண்டியிருந்தது. ஐந்து முறையும் அண்ணனே தன் பழைய ஸ்கூட்டரில் அழைத்துப்போனார். அவள் வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியையும் கொடுத்தார். அந்தப் பத்து நாளும் பட்டாணி அவர் வீட்டு பால்கனியில் கட்டிக் கிடந்தது. காலையும் மாலையும் சாப்பாட்டுத் தட்டைக் குடையின் முனையால் தள்ளித் தள்ளி அதன் முன்னால் கொண்டுபோய் வைப்பார். பட்டாணி அந்தக் குடையை மோந்து பார்த்து வாலை ஆட்டும். பத்தாம் நாள் நாய் நலமாகவே இருந்தது. குடையும் பல் தடம் எதுவும் இல்லாமல் தப்பித்தது.

அவருக்கு நாய் வளர்க்கத் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். கால்நடை மருத்துவரிடம் போய் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். தடுப்பூசி, பூச்சி மருந்து, உரிமம், கழுத்துப் பட்டை, இனி குட்டி போடாமல் இருக்க அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றாக முடித்தார். புது ஸ்கூட்டர் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததில் பாதி அந்த வருடமே கரைந்துபோனது. பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்து, கால்தான் முதலில் தேயுமா வண்டியா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பேட்டரி தீரப்போகிற பொம்மை மாதிரி அது இருமும். அவர் இறங்கி, ஒன்றும் நடக்காதது போல மறுபடி உதைப்பார்.

நடைக்குப் போகும்போது சட்டைப் பையில் பழைய செய்தித்தாள் துண்டுகள் இருக்கும். பட்டாணி தெருவில் அசிங்கம் செய்த இடத்தையெல்லாம் அவர் குனிந்து துடைத்து எடுப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் எங்கள் தெருவில் வேறு இரண்டு பேரும் அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். அவர் யாருக்கும் புத்திமதி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பொதுவாக இருந்தபோது யாருக்கும் தொந்தரவாகத் தெரியாத பட்டாணி, சொந்தக்காரர் வந்ததும் எல்லோருக்கும் தொந்தரவாகிவிட்டது. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போன பிறகு அது தனியாகக் குரைத்தது. சங்கச் செயலாளர் "உங்கள் நாய்" என்று நான்கு இடத்தில் அடிக்கோடு போட்டு ஒரு கடிதம் எழுதினார். அதை என் கடையில்தான் நகல் எடுத்தார். அண்ணன் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்து, நியாயம்தான் என்றார். மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து ஒரு மணி நேரம் நாயை நடத்திக் களைப்பாக்கி விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மதியம் ரீடிங் எடுக்கும் தெரு எவ்வளவு தூரமானாலும் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார். வெயில் காலத்தில் அவர் அப்படி வந்து போவதைப் பார்க்கச் சகிக்காமல், மதியத்தில் என் கடையில் விடுங்கள் அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்று காகிதக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்ததற்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அண்ணி ஆயத்த ஆடை ஆலையில் தரம் பார்ப்பவர். ஒரு சட்டையில் ஒரு தையல் விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஐந்தாறு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் அவர்தான் முதலில் சொன்னார்: "தண்ணிப் பாத்திரம் ஒரே நாள்ல மூணு தடவை காலியாகுது. உடம்பும் இளைக்குது. இது சரியில்லைங்க." மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து சர்க்கரை நோய் என்றார். மனிதர்களுக்குப் போடுவது போலவே இன்சுலின், காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று, சாப்பாட்டோடு சேர்த்து, ஒரு நாள்கூடத் தவறாமல், உயிரோடு இருக்கும் வரை. இவ்வளவு செய்ய முடியாதவர்கள் வேறு முடிவும் எடுப்பதுண்டு, அதில் தவறில்லை என்றும் மருத்துவர் சொன்னாராம். அண்ணன் ஊசியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறார்.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஊசி குத்திக் குத்திப் பழகினார். முதல் நாள் இருவரும் கை கழுவிக்கொண்டு வந்து, அண்ணி தட்டை நீட்ட, பட்டாணி சாப்பிட, கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி அவர் ஊசி போட்டதைப் பார்க்க நானும் போயிருந்தேன். அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. பட்டாணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு இரவுகூட வெளியூரில் தங்கவில்லை. கல்யாணமா, அண்ணி போவார். துக்கமா, அண்ணன் காலையில் போய் மாலை ஆறுக்குள் திரும்பிவிடுவார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அண்ணனுக்கு மேற்பார்வையாளர் பதவி வந்தது, ஆனால் வாரத்தில் ஐந்து நாள் வேறு ஊரில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். நாய்க்காகவா என்று அதிகாரி கேட்டுச் சிரித்தாராம். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இதில் அண்ணிக்கு வருத்தம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. சம்பளம் ஏறியிருக்குமே என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். சொல்லிக்கொண்டே இன்சுலின் குப்பியைக் குளிர்பதனப் பெட்டியின் கதவுப் பக்கத்திலிருந்து உள்தட்டுக்கு மாற்றி வைத்தார். அடிக்கடி திறக்கிற கதவில் வைத்தால் மருந்து கெட்டுவிடும் என்றார்.

ஒரு வருடத்தில் சர்க்கரை நோயால் பட்டாணிக்குக் கண் தெரியாமல் போனது. அண்ணன் நடக்கும்போது தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே நடப்பார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அது கூடவே வரும். படிக்கட்டில் "படி" என்பார், அது காலைத் தூக்கும். வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட யாரும் இடம் மாற்றக்கூடாது என்பது சட்டம். மறந்துபோய் நான் ஒரு முக்காலியை நகர்த்தி உட்கார்ந்துவிட்டு, போகும்போது அவர் அதைப் பழைய இடத்தில் சரியாக வைப்பதைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

அப்படி இரண்டரை வருடம். பிறகு சிறுநீரகம் கெட்டது. சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவர், இனி அது வலியில்தான் இருக்கும், ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடலாம் என்றார். முடிவெடுக்க அண்ணன் இரண்டு நாள் கேட்டார். அந்த இரண்டு நாளில் என் கடைக்கு வந்து, ஒரு வேலையும் இல்லாமல், நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். கடைசியில், "எனக்காக இன்னும் வெச்சிருக்கேனோன்னு தோணுதும்மா" என்றார். அதோடு போய்விட்டார்.

அன்று பிற்பகல் நாங்கள் மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போனோம். பெரும்பாலானவர்கள் வெளியில் காத்திருப்பார்கள், நீங்களும் காத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அண்ணன் தரையில் உட்கார்ந்து பட்டாணியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கண் தெரியாத நாய்க்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று புரிய வேண்டுமல்லவா, தொடையை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். ஊசி போட்டு முடித்து மருத்துவர் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார். அண்ணிதான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

இரண்டு மாதம் கழித்து இருவரும் அண்ணியின் தங்கை வீட்டுக்கு ஐந்து நாள் தங்கப் போனார்கள். திரும்பி வந்ததும் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டேன். கடல் பார்த்தோம், நன்றாகச் சாப்பிட்டோம், நிம்மதியாகத் தூங்கினோம் என்று அண்ணன் அளவாகச் சொன்னார்.

அண்ணி பையிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு என் தங்கச்சி காபி கொண்டுவந்து நீட்டினா. ரெண்டு பேரும் வாங்கல. ஒரே நேரத்துல எழுந்து கை கழுவப் போயிட்டோம். குழாயடியில போய் நின்னப்புறம்தான் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்."

அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு இருவரும் சேர்ந்து துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார்கள்.