அம்மனுக்குக் கொடுத்த பூனை முடி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து ஒரு கோட்டில் நிற்காது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு நான் அதிகம் எழுதியது சேலைப் பெட்டிகளின் மேல் நிறத்தின் பெயரைத்தான். கிளிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காயத் தோல். இவற்றைப் பிழையில்லாமல் எழுதுவேன். மற்றதில் பெரிய றகரமும் சின்ன ரகரமும் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் படிப்பவர்கள் மனதுக்குள் மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்பிள்ளைக்கு முடி கொட்டினால் போகட்டும் என்று விட்டுவிடுவதா, போகாமல் பிடித்து வைக்கப் பார்ப்பதா என்று எங்கள் கடையில் ஒருநாள் பேச்சு வந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருக்கும் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறேன். பெண்கள் விரித்துப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுப் போகும் சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்குவது என் வேலை. அதிகம் பேசத் தேவையில்லை என்பதால் எனக்குப் பொருத்தமான வேலை. தங்குவது கொட்டாஞ்சேனையில், ஒரு மாடி அறையில்.

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது என் தலையில் முடி அடர்ந்திருந்தது. அழகு என்று சொல்ல என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். வழியனுப்பக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். சுற்றிலும் சனம். எல்லோரும் பார்க்கிறார்களே என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் திடீரென்று என் தலைமுடியைக் கையால் கலைத்துவிட்டு, "இத இப்படியே வச்சிருங்க. நான் வந்து பாப்பேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் நான் அதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். அவள் என்னிடம் விட்டுப் போனதில் எனக்குப் புரிந்த பொறுப்பு அது ஒன்றே.

முடி எப்போது போகத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. தெரியவந்த நாள் தெரியும். திருட்டுப் பயத்துக்காக முதலாளி கடையில் கமரா பூட்டினார். காசாளர் மேசைக்கு மேலே ஒரு டிவியில் கடை முழுக்கத் தெரியும். அன்று அதை அண்ணாந்து பார்த்தேன். சேலை அடுக்குக்குப் பக்கத்தில், உச்சந்தலை பளபளவென்று ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

"முதலாளி, புதுசா ஆள் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எந்த ஆள்?"

"அந்தா, அந்த வழுக்கை."

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை இறக்கி டிவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அது நீர்தான் காணும்" என்றார்.

கையைத் தூக்கிப் பார்த்தேன். டிவியில் இருந்த ஆளும் தூக்கினான். காசாளர் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தாள். "உதுக்கேன் முகம் வாடுறீர்? போனா போகட்டும், விடும்" என்றார் முதலாளி. அவர் வெள்ளிக்கிழமைகளில் முடிக்கு மை பூசுகிறவர். அன்றும் காது மடலில் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒழுங்கை வழியாக இறங்கி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, கடல் ஓரத்துக் கல்லில் உட்காருவது உண்டு. அன்று உட்கார்ந்தபோது காற்று முன்முடியைத் தூக்கிப் பின்னுக்குப் போட்டது. தலையில் ஒரு வட்டம் மட்டும் குளிர்ந்தது. இத்தனை காலமும் அந்த இடத்தில் அப்படிக் குளிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் அதைக் கடல் என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து வீடியோ கோலில் தொப்பி போட்டேன். "என்னாங்க புதுசா தொப்பி?" என்று ஒருமுறை கேட்டாள். கடையில் ஏசி குளிர் என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

பிறகு முடியைப் பிடித்து வைக்கும் வேலையில் இறங்கினேன். சின்ன வெங்காயச் சாறு பூசினேன். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகப் போனது. விக் வைக்கலாமா என்று கொட்டாஞ்சேனை சலூன்காரத் தம்பியைக் கேட்டேன். அவனும் மலைநாட்டுப் பக்கம்தான், என்னைவிட வயதில் குறைந்தவன். "வேணாம்ணே. நீங்க பஸ் மிதிபலகையில தொங்குற ஆளு. காத்தடிச்சா விக்கு பொரளையில எறங்கிரும், நீங்க வெள்ளவத்தையில எறங்குவீங்க" என்றான். கடைசியில் புறக்கோட்டை மருந்துக் கடையில் ஒரு முஸ்லிம் நாநா கையாந்தகரை இலையும் செவ்வரத்தைப் பூவும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஜன்னல் பக்கம் கதிரையைப் போட்டு எண்ணெய் தேய்ப்பேன். விரல் வட்டமாகச் சுற்றச் சுற்றக் கண் சொருகும். அரைத் தூக்கத்தில் என் முடி வளரத் தொடங்கும். ஜன்னல் வழியாக இறங்கி, மின்கம்பிகளுக்கு மேலால், துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைத் தாண்டிக் கடலில் விழுந்து, பாசிபோல மிதந்து மிதந்து குவைத்துக் கரை வரை போகும். அங்கே அவள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடியில் அதன் ஒரு நுனி சிக்கியிருக்கும். இதென்ன என்று அவள் தொட்டுப் பார்ப்பாள். இங்கே எனக்கு உச்சந்தலை சிலிர்க்கும். விழித்துப் பார்த்தால் எண்ணெய் காதோரம் வழிந்து, சட்டைக் கழுத்து நனைந்திருக்கும். கீழே யாராவது முச்சக்கரவண்டியை நகர்த்தச் சொல்லிச் சத்தம் போடுவார்கள்.

அவள் வேலை ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுவேன் என்று சொன்ன வாரம் அறைக்குப் பக்கத்து அம்மன் கோயிலுக்குப் போனேன். எங்கள் சனம் அம்மனிடம் பிள்ளை கேட்டாலும் வேலை கேட்டாலும் முடி இறக்குவதாகத்தான் நேர்ந்துகொள்ளும். என் நாக்கும் அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. "தாயே, அவ வாறதுக்குள்ள எனக்கு முடி மொளைக்கணும். மொளைச்சா, அந்த முடிய ஒனக்கே எறக்குறேன்" என்று நேர்ந்தேன். மனம் நிறைந்து வெளியே வந்தேன்.

சலூன்காரத் தம்பியிடம் சொன்னபோது கத்தரிக்கோலை நிறுத்திவிட்டான்.

"அண்ணே, மொளைச்சா மொட்டை. மொளைக்காட்டி வழுக்கை. இதுல ஒங்களுக்கு என்னா கெடைக்குது?"

சவர நுரையோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்ததில் நுரை பறந்தது. எனக்கு விஷயம் முழுக்க உறைத்தது அறைக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான். திரும்பப் போய், தாயே, முடிக்குப் பதிலாகத் தேங்காய் உடைக்கிறேன் என்று பேச வாய் வரவில்லை. கடையில் பெண்கள் பேரம் பேசும்போதே எனக்கு வியர்க்கும். அம்மனிடம் எப்படிப் பேசுவது.

முளைக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருநாள் அந்தத் தம்பி என் தலையைக் குனிய வைத்து போன் வெளிச்சத்தைப் பிடித்தான். "ஏண்ணே, அசையாதீங்க" என்று படம் பிடித்துக் காட்டினான். வட்டத்தின் நடுவில் பூனைக்குட்டி வயிற்றில் இருப்பதுபோல மெல்லிய முடி. ஊதினால் சாயும். அன்று மாலை அவள் பேசினாள். வருகிற வெள்ளிக்கிழமை விடியற்காலை வந்து இறங்குகிறாளாம்.

அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று கணக்குப் போட்டேன். முன்முடியை எண்ணெய் போட்டு வாரிப் பின்னால் இழுத்து, அந்தப் பூனை முடியையும் அதோடு படிய வைத்தால், தூரத்தில் பார்ப்பவருக்கு அது தலைதான். அவள் விட்டுப் போன தலைக்கு ஓரளவு கிட்ட வரும். இவ்வளவு அற்பமான முடியை அம்மன் பொருட்படுத்துவாளா என்று தம்பியிடம் கேட்டேன்.

"பச்சப்புள்ளைக்கு எறக்குற முடி இதவிடக் கொஞ்சம்ணே. அத வேணாம்னா சொல்றா?"

"அவ வந்த பொறவு எறக்கினா என்னா?"

"அது ஒங்க விருப்பம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

புதன்கிழமை மத்தியானம் கடலோரக் கல்லில் இருந்தேன். மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு விமானம், சோற்றுப் பருக்கை அளவு, சத்தமே இல்லாமல் போனது. கீழே முழுக்கத் தண்ணீர். அவளும் இப்படித்தான் வருவாள். ஒரு கடல் முழுவதற்கும் மேலே தொங்கிக்கொண்டு வருகிறவளை வைத்துக்கொண்டு, அம்மனுக்குச் சொன்ன வார்த்தையை நான் எண்ணெய் போட்டு வாரிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து கடைக்குப் போய் மறுநாளைக்கு லீவு கேட்டேன்.

வியாழக்கிழமை தம்பியே கோயிலுக்கு வந்து முடி இறக்கினான். பூனை முடி எது, பழைய முடி எது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாக விழுந்தது. சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது தூறல். மழை நேராகத் தலைத்தோலில் விழுந்து நான் அறிந்ததில்லை. ஒவ்வொரு துளியும் விழுந்த இடம் தனித்தனியாகத் தெரிந்தது. கொட்டாஞ்சேனைத் தெருவெல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெதுவாக நகர்ந்தது. நான் ஓரமாக ஒதுங்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சந்தனத்தைக் கழுவிவிட்டு, இருந்ததில் நல்ல சட்டையான வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டுநாயக்கவுக்குப் போனேன். அம்மனுக்குக் கொடுத்த தலையை மூட மனம் வரவில்லை. தொப்பியை அறையிலேயே விட்டுவிட்டேன்.

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டாள். வண்டி நின்றது. பின்னால் வந்தவர்கள் முட்டி விலகிப் போனார்கள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. வழுக்கையைக் கண்டுவிட்டாள் என்று நினைத்துக் குனிந்துகொண்டேன். அவள் வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"யாரு?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"யாரு போனது? அத்தையா? சொல்லுங்க."

மொட்டைத் தலை, வெள்ளைச் சட்டை. என் அம்மா இறந்து, நான் கொள்ளி வைத்து வந்து நிற்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் சனம் சாவைச் சொல்லாது. வரமுடியாதவளை ஏன் அழவைப்பது என்று மறைத்து, வந்து இறங்கிய பிறகுதான் சொல்லும். குவைத்தில் அவளோடு இருந்த ஒரு பிள்ளைக்குத் தகப்பன் போனதை அப்படித்தான் சொன்னார்களாம். எனக்கோ இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் பேசாமல் நின்றது அவளுக்குப் பதிலாகிவிட்டது. பெட்டியின் மேல் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"ஏங்கிட்ட மறைச்சிட்டீங்களே. ஒரு வார்த்த சொல்லலையே."

காவலாளி வந்து, "மல்லி, பெத்தகட்ட வென்ன" என்று சிங்களத்தில் என்னை ஓரமாகப் போகச் சொன்னார். பிறகு அவள் அழுவதைப் பார்த்து, தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவரே ஓரமாகப் போனார். நான் போனை எடுத்து ஊருக்கு அழைத்து, அவள் காதில் வைத்தேன்.

அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. "யாரு? ஏன் புள்ள அழுவுற? வந்து சேந்துட்டியா?"

"அத்த, நீங்க நல்லாருக்கீங்களா?"

"எனக்கென்னா. முட்டிதான் வலி. அவன் எங்க, வரலியா?"

அவள் போனை இறக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையை நன்றாகப் பார்த்தாள். "அப்ப இது என்னா?" என்றாள்.

சொன்னேன். அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று, வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். கமரா, வெங்காயம், எண்ணெய், தொப்பி, அம்மன். சொல்லி முடித்ததும் அவள் முதலில் தொப்பியைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தொப்பி. தலையில என்னமோ பெரிய வருத்தம், ஆபரேஷன் பண்ணியிருக்காங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். கேட்டா நெசமாப் போயிருமோன்னு கேக்கல. எத்தன நாள் தூங்கல தெரியுமா?"

பிறகு, "முடி வேணும்னு முடியவே நேந்துக்கிட்டீங்களா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது மறுபடி அழுகையானது, பிறகு சிரிப்பானது. நீர்கொழும்பு வீதியில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது தூங்கிவிட்டாள். வத்தளை வந்தும் எழும்பவில்லை. நான் ஜன்னல் காற்றில் மொட்டைத் தலையோடு, அசையாமல் வந்தேன்.

பிறகு ஓரங்களில் மட்டும் முடி வந்தது. நடுவில் அந்தப் பூனை முடி திரும்ப வரவில்லை. எண்ணெயைத் தொடங்குவோமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். எண்ணெய் வீண் என்று சொல்லவில்லை. அவள் இல்லாத அறையில் அவளுக்காகச் செய்ய எனக்கு இருந்த வேலை அதுதான். இப்போது அந்த நேரத்தில் அவளே எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள்.

கடையில் கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான். முடியை விடுவதும் பிடிப்பதும் அவரவர் விருப்பம். தேய்க்கிறவர் தேய்க்கட்டும், பூசுகிறவர் பூசட்டும். ஆனால் தூரத்தில் இருந்து நம்மைப் பார்க்கிற ஒருவர் இருந்தால், அவருக்குத் தலையைக் காட்டிவிட வேண்டும். வழுக்கையை விடப் பெரிய ஒன்றை அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

எழுதியதை அவளிடம் கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்துவிட்டு, "அத்த முட்டிவலியயும் எழுதணுமா?" என்று மட்டும் கேட்டாள். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளி வியாபாரம் முடிந்து கடை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனை.