பிரேக் போட்டுக் கேட்கும் மாப்பிள்ளை

என் தங்கையின் கணவர் நான்கு பேர் உட்காரும் குட்டி விமானம் ஓட்டுகிறார். வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் கடிகாரமே அலுத்துப்போகும். ஆனால் விமானம் தரையில் உருண்டு போகும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

"மேல போயிட்டா வானம் பூரா இடம் இருக்கு மச்சான். கீழதான் முட்டிக்க ஆயிரம் சாமான்" என்பார். இறக்கை நுனி ஒரு கம்பத்தில் உரசினாலும் அவர் பிழைப்பில் மண் விழும்.

இதெல்லாம் தெரிந்தும், ஒரு நாள் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த நான், விமானம் கொட்டகையை விட்டு நகர்ந்ததுமே என் மூட்டுவலியின் வரலாற்றைத் தொடங்கினேன். பிரேக் போட்டு நிறுத்தினார். என் பக்கம் முழுதாகத் திரும்பி, "சொல்லுங்க மச்சான். முடிச்சதும் கிளம்பலாம்" என்றார்.

அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் எந்த வலிதான் மிச்சமிருக்கும்? "ஒண்ணுமில்ல மாப்ள" என்றேன். சற்று தூரம் போனதும் நாக்கு அரித்தது. மறுபடி பிரேக், மறுபடி "சொல்லுங்க மச்சான்."

மூன்றாம் முறை நான் வாய் திறந்ததும் நிறுத்தியவர், ஏனோ திரும்பவே இல்லை. கொட்டகை மூலையிலிருந்து ஒரு பெட்ரோல் லாரி கண்மண் தெரியாமல் பாய்ந்து, எங்கள் மூக்கை ஒட்டிக் கடந்தது.

"பாத்தீங்களா மாப்ள! நான் பேசலைன்னா இந்நேரம் நாம காலி!" என்று மார்தட்டினேன்.

"லாரிய பாத்துதான் நிறுத்தினேன். நீங்க ஏதாவது பேசினீங்களா மச்சான்?"

வீட்டில் இந்தக் கதையை நான் மார்தட்டிய இடத்தோடு முடித்துக்கொள்கிறேன்.