முக்குத் திரும்பாத ஜீப்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆவணி மாதக் காலையில் நடந்தது இது. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து, மேச்சேரி தாண்டி இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பினோம். மகளுக்குக் காதுகுத்து. முன் சீட்டில் பட்டுப்புடவையில் மனைவி, அவள் மடியில் மூன்று வயது மகள். பின்னால், தேங்காய் பழத் தாம்பாளங்களைப் பிடித்தபடி மனைவியின் அண்ணன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்!

வண்டி, நான் வாங்கி ஒரு மாதமே ஆன பழைய மிலிட்டரி ஜீப். கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி இருக்கும். அதைத் தள்ளினால் பின் சக்கரங்களோடு முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அந்தக் கம்பியின் பெருமையை நான் சொல்லாத டீக்கடை எங்கள் ஊரில் கிடையாது.

முதல் நாள் பெய்த மழையில் தோட்டத்துத் தடமெல்லாம் சேறு. கம்பியைத் தள்ளினேன். முழங்கால் சேற்றிலும் ஜீப் திணறாமல் ஏறி வந்தது. தார் ரோட்டைத் தொட்டதும் கம்பியைப் பழையபடி இழுத்துவிட வேண்டும் என்று விற்றவர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். நான் இழுக்கவில்லை. பின்னால் மச்சான் இருக்கிறாரே, அவருக்கு நாலு சக்கரத்தின் பவுசைக் காட்ட வேண்டாமா?

சங்ககிரி தாண்டியதும் ரோடு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது.

"ஏனுங்க, வண்டி என்னமோ முனகறாட்ட இருக்குதுங்க" என்றாள் மனைவி.

"மாப்ள, எரும கணக்கா போகுதே!" என்றார் மச்சான்.

"எரும இல்லீங்க மச்சான், குதிர! நாலு காலும் ரோட்டக் கவ்வீட்டு ஓடுது. எந்த வளைவானாலும் அப்படியே புடிச்சுத் திரும்பும், பாருங்க!" என்று சொல்லி இன்னும் அழுத்தினேன்.

எடப்பாடிக்கு முன்னால் இடது பக்கம் ஒடியும் ஒரு வளைவு. ஸ்டியரிங்கை ஒடித்தேன். டயர் கீச்சிட்டது. வண்டி திரும்பவில்லை! மூக்கை நேராக நீட்டிக்கொண்டு ரோட்டின் வலது பக்கத்துக்குப் போகிறது. எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி. மனைவி குழந்தையைத் தன் வயிற்றோடு சேர்த்துக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

லாரிக்காரர் நினைத்திருந்தால் பிரேக்கை மட்டும் மிதித்துவிட்டு நின்றிருக்கலாம். தப்பு முழுக்க என்னுடையதுதான். ஆனால் அவர் கண நேரத்தில் லாரியை ரோட்டை விட்டு இறக்கி, உழுது போட்டிருந்த பக்கத்துக் காட்டுக்குள் விட்டுவிட்டார். ரோட்டில் லாரி வந்துகொண்டிருந்த அதே இடத்தில் போய் நின்றது என் ஜீப்.

லாரிக்காரர் என்னை விடப் பத்து வயதாவது இளையவர். குதித்து ஓடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் இறங்கிக் கை கூப்பினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலியே, அக்கா?" என்றார். குழந்தை வீறிட்டு அழுததும்தான் வெளுத்திருந்த அவர் முகம் தெளிந்தது. "அழுவட்டும், அழுவட்டும். நல்லா அழு கண்ணு!"

அப்புறம் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். கம்பி இன்னும் தள்ளியபடியே இருப்பதைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு, அதைப் பழையபடி இழுத்துவிட்டார்.

"அண்ணே, நான் சேலத்து பாய் ஊட்டுப் புள்ள. எங்க கடை முக்குலதான் வருசா வருசம் உங்க சாமி சப்பரம் திரும்பும். பார்த்துருக்கீங்களா? முன்னாடி தூக்குறவங்க வட்டமா எட்டி நடப்பாங்க. பின்னாடி தூக்குறவங்க சின்ன அடியா வெப்பாங்க. எல்லாரும் ஒரே அடியாத்தான் வெப்போம்னு நின்னா சப்பரம் திரும்புமா? நேரா எங்க கடைக்குள்ளதான் வரும்! நீங்க முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே அடி வெக்கச் சொல்லிக் கட்டிப்போட்டுட்டீங்க. சேத்துல வழுக்கி வழுக்கிச் சரிக்கட்டிக்கும். காஞ்ச தார்ல எங்க போய் வழுக்கும்?"

மச்சான் மெதுவாக, "அப்ப குதிர இல்லீங்களா மாப்ள?" என்றார். அந்த நேரத்திலும் லாரிக்காரர் சிரித்துவிட்டார்.

லாரியின் பின் சக்கரங்கள் ஈரக் காட்டில் அச்சு வரை இறங்கியிருந்தன. பாரம் குறைக்காமல் நகராது. மனைவி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிழங்கு இறக்க வந்துவிட்டாள். லாரிக்காரர், அவருடைய கிளீனர், மச்சான், நான், எல்லோருமாக முக்கால்வாசி இறக்கினோம். லாரிக்காரர் என் ஜீப்பைத் தன் வண்டிக்கு முன்னால் ஓரத்து மண்ணில் நிறுத்திக் கயிறு கட்டினார்.

"இப்பத் தள்ளுங்கண்ணே அந்தக் கம்பிய. அது இதுக்குத்தான்!"

அவர் லாரியில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, நான் ஜீப்பில் மிதிக்க, நாலு சக்கரமும் மண்ணைப் பற்றி இழுத்தன. லாரி மேலே வந்தது. திரும்பவும் கிழங்கை ஏற்றப் போனோம். அவர் எங்களை விடவில்லை.

"புள்ளைக்கு நேரம் போவுது. நாங்க ஏத்திக்கிறோம், கிளம்புங்க. கம்பிய எடுத்தாச்சா? எங்க, காட்டுங்க?" என்று கையை விட்டு ஆட்டிப் பார்த்த பிறகுதான் வழி விட்டார்.

குறித்த நேரம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தோம். சேறு காய்ந்த வேட்டியோடு மச்சான் உட்கார, அவர் மடியில் வைத்துக் காது குத்தினோம். பதற்றத்தில் அந்த லாரிக்காரருடைய பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். வெளிநாட்டில் பந்தயக் கார்களுக்கே நாலு சக்கர இழுவை வைக்கிறார்களாம். முன்னும் பின்னும் தனித்தனி வேகத்தில் சுற்ற, நடுவில் பல்சக்கரங்களும் வைத்திருக்கிறார்களாம். அப்படியும், வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் மூக்கு நேராகத்தான் போகப் பார்க்குமாம். நாலு சக்கரப் பிடிப்பு வண்டியைக் கிளப்பிவிடும், வளைவில் திருப்புவது ஓட்டுகிறவன் பொறுப்பு என்று எழுதியிருந்தது. "பாய் ஊட்டுத் தம்பி அன்னிக்கே சொல்லீருச்சு" என்றேன். மனைவி சிரிக்கவில்லை. மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

இன்றும் தார் ரோட்டைத் தொட்டதும் வண்டியை நிறுத்திக் கம்பியை ஒரு முறை ஆட்டிப் பார்க்கிறேன். மகளின் காதில் தோடு ஆடும்போதெல்லாம், யாரென்றே தெரியாத எங்களுக்காகத் தன் லாரியைக் காட்டுக்குள் திருப்பிய அந்தக் கைகளை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.