காப்புக் கட்டிய கையோடு நண்டுக் கடையில்

எங்கள் தீவின் லவுத்தோக்கா நகரில் அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி நான்தான். அண்ணன் மறுநாள் கனடாவுக்குக் கிளம்புகிறான். அம்மாவிடம் மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தான். அவன் வாங்கியிருப்பது அங்கேயே குடியேறும் விசா என்பது எனக்கு மட்டுமே தெரியும். ‘அம்மாவிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்’ என்று அவன் வாயால் சொல்ல வைக்கத்தான் இந்த விருந்து.

மேசைக்குச் சொல்லிவைத்தபோது ஒன்றை மறந்துவிட்டேன். அன்று நான் தீமிதிக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள். மீன், இறைச்சி கூடாது, படுக்கை கோயிலில். அண்ணனை வழியனுப்ப என்று பூசாரியிடம் ஒரு மதியத்தை மட்டும் கெஞ்சி வாங்கினேன். மணிக்கட்டில் மஞ்சள் கயிறோடு நண்டுக் கடைக்குள் நுழைந்த முதல் பக்தன் நானாகத்தான் இருப்பேன்.

கடைக்காரர் அமெரிக்காவில் லூசியானா பக்கம் சமையல் வேலை பார்த்தவர். ஊரே வெளிநாட்டுக்கு மூட்டை கட்டும்போது திரும்பி வந்த ஒரே மனிதர். அந்த ஊர்க் கேஜுன் சமையல், அந்த ஊர்ப் பாட்டு. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து இரவில் ஊரடங்கு. அதனால் கச்சேரியை உச்சிவெயிலுக்கு மாற்றியிருந்தார். இரண்டு கிதார், ஒரு மேளம், நான்காவதாக ஒருவர் மார்பில் மாட்டிய கூரைத்தகரத்தைக் கரண்டியால் தேய்த்தார். என் பல் கூசியது.

“அண்ணே, அம்மாகிட்ட...”

“என்னது?”

“அம்மாகிட்ட!”

“நல்லா இருக்குடா பாட்டு!”

மேசைமேல் விரித்திருந்த காகிதத்தில் பேனாவால் எழுதினேன். அண்ணனுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் ஆங்கிலத்தில்: ‘அம்மாவிடம் யார் சொல்வது?’ அவன் குனிவதற்குள் கடைக்காரர் வந்து, வேகவைத்த நண்டு, இறால், சோளத்தைச் சட்டியோடு அதன்மேல் கவிழ்த்தார். என் கேள்வி மசாலாவில் முங்கிப்போனது. என் சட்டையிலும் பாதி தெறித்தது.

“அரே பாயி, நீ சாப்பிடல?” என்றார் கடைக்காரர். கயிற்றைக் காட்டினேன். தட்டில் நாலு முட்டைக்கோஸ் இலை வந்தது. ஒரு மணி நேரம் ஆடு மாதிரி மென்றுகொண்டு, அண்ணன் நண்டுக்கால் உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில்தான் காது திறந்தது. கேட்டேவிட்டேன்.

“கையில என்னடா?” என்றான்.

“காப்பு.”

“காப்புக் கட்டுனவன் பொய் சொல்லலாமா?”

“கூடாது.”

“அப்ப அம்மா கேட்டா நீ சொல்லித்தானே ஆவணும்? நான் சொன்னா அழுதே நிறுத்திப்புடும்டா. நான் ப்ளேன் ஏறினப்புறம் நீயே சொல்லிடு.”

அம்மனுக்கு நான் கட்டிய காப்பை இவன் தனக்குத் தோதாக முடிந்துகொண்டான். பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும் என்று கடைத்தெருப் பக்கம் நழுவினான். நான் பஸ் ஏறி, எங்கள் ஊர் ட்ராசாவில் இறங்கி வீட்டுக்குள் தலையை நீட்டினேன். சட்டை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓடலாம் என்று நினைப்பு.

அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

“காப்புக் கட்டிட்டு நண்டு தின்னியாடா பாவி?”

“இல்லம்மா. சத்தியமா முட்டைக்கோஸ்.”

நம்பவில்லை. அம்மன் பேரைச் சொல்லி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அண்ணனின் பெட்டியைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள்.

“அவன் எப்ப வருவான்?”

கயிறு அரித்தது. நாளை வரைகூட எனக்குத் தாங்கவில்லை.

“வரமாட்டாம்மா.”

அதை மட்டும் உடனே நம்பிவிட்டாள். பெட்டிமேல் உட்கார்ந்தாள். அண்ணன் பூட்டோடு வரும் பஸ் இன்னும் வரவில்லை.