குழலுக்கும் வலைக்கும் நடுவே

கடையத்தில் முதல் பேருந்தைப் பிடித்து, தென்காசியில் மாறி, ஐந்தருவிக்குப் போய் இறங்கும்போதே வள்ளித்தாய்க்கு அரைநாள் வேலை பார்த்த அலுப்பு வந்துவிடும். அருவிக்குப் போகும் வழியில் சண்முகநாதன் நடத்தும் பிராணிக் காட்சிக்கூடத்தில் கூண்டு கழுவுவதும் தீனி வைப்பதும் சீட்டுக் கிழிப்பதும் அவள்தான். சீசனில் கூட்டம் வருவது, அரசிடம் பதிவு செய்து வாங்கிய ஒரு வெளிநாட்டுப் பச்சோந்தியைப் பார்க்க.

வெயில் படாத பச்சோந்திக்கு எலும்பு இளகிவிடும். வெயிலில் உள்ள யுவிபி என்னும் கதிர் உடம்பில் பட்டால்தான் தின்ற சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேரும். சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? தென்காசியில் பிராணிக் கடை வைத்திருக்கும் அஹ்சன், அந்தக் கதிரைத் தரும் நீளக் குழல்விளக்கு ஒன்றைக் கொடுத்திருந்தான். கூண்டின் மேல்வலை மீது விளக்கு. அதற்கு ஒரு சாண் கீழே பச்சோந்தி உட்காரும் கிளை.

பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். அதனால் தினமும் இலைகளில் தண்ணீர் தெளிப்பாள். ஒருநாள் நீர் குழலில் பட்டுப் படபடவென்று பொரிந்தது. சாரல் காலத்தில் ஸ்விட்சுக்குக்கூடப் பிளாஸ்டிக் உறை போடும் ஊர் இது. பூச்சி அரித்ததால் முதலாளி தூக்கிப் போட்டிருந்த சாமிப்படத்தின் கண்ணாடியை எடுத்து, குழலுக்கும் வலைக்கும் நடுவே செருகினாள். அது இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்தும் வைத்தாள்.

நாளாக நாளாகப் பச்சோந்தியின் பிடி தளர்ந்தது. முன்கால் வளைந்தது. நாக்கை நீட்டிப் பூச்சி பிடிக்க முடியவில்லை. சண்முகநாதன் அஹ்சனை அழைத்து இன்னும் கடுமையான குழல் கேட்டார்.

"அண்ணாச்சி, அது பாலைவனத்து ஓந்திக்கு உள்ளது. உங்க பச்சோந்திக்குக் கண்ணு போயிரும்."

"வாங்குதது நான். ஒனக்கு என்னலே?"

வாங்கி மாட்டினார். தேறவில்லை. விளக்கில் குறையில்லை என்று முடிவு கட்டியதும், கூடத்தில் வேலை பார்க்கும் ஒரே பெண் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, தூரமா இருக்கையில கூண்டத் தொட்டியா?"

"மாசம் முச்சூடும் நாந்தான தொடுதேன், மொதலாளி."

"அதான பாத்தேன்! இனி அந்த நாள்ல இங்கன வராத."

வராத நாளுக்குக் கூலியும் இல்லை. எலும்பு ஏன் இளகுகிறது என்று விளக்குப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். பட்டம் பெற்ற மனிதர் அதைப் படிக்காமல் ஒரு பெண்ணின் உதிரத்தில் காரணம் தேடினார். பக்கத்தில் நின்ற ஆண் வேலையாட்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஒரு காலை, பச்சோந்தி கிளையிலிருந்து விழுந்து கிடந்தது. மறுபடி அஹ்சன். கைப்பேசியில் அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"நடுவுல கண்ணாடி கிண்ணாடி இருக்கா, அண்ணாச்சி? வெளிச்சம் தாண்டும், அந்தக் கதிர் தாண்டாது."

"ஒண்ணும் கெடையாது. இது வேற தோசம்லே."

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த வள்ளித்தாயின் கை நின்றது. யாரும் பார்க்காதபோது கண்ணாடியை உருவிவிட்டால் பிராணி பிழைக்கும். அவள் வேலையும் பிழைக்கும். ஆனால் அவளை விலக்கி வைத்ததால்தான் தேறியது என்று ஆகிவிடும். தீட்டு, நிரூபித்த உண்மையாக நின்றுவிடும். உருவினாள். நேரே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள்.

"தண்ணி பட்டு வெடிச்சிரக் கூடாதுன்னு நாந்தான் வச்சேன். தப்பு என்னுது. வேலைய விட்டு நிறுத்துனாலும் சரி. தீட்டுன்னு மட்டும் சொல்லாதீய."

அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"சாமி படத்துக் கண்ணாடியா? இத எந்த நாள்லட்டி தொட்ட?"

அவள் மிச்சத் தட்டுகளைக் கழுவப் போனாள்.

சீசன் நேரத்தில் வேறு ஆள் கிடைக்காததால் வேலை போகவில்லை. அஹ்சன் நேரில் வந்து பழைய குழலையே மாட்டினான். சண்முகநாதன் பூசை போட்டுக் கூண்டில் கறுப்புக் கயிறு கட்டினார். மெல்லப் பச்சோந்தியின் நாக்கு நீண்டது. வளைந்த கால் மட்டும் நிமிரவில்லை. பூசையால் பிழைத்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்த நாட்களில் வள்ளித்தாய் இன்னமும் வீட்டில்தான். மற்ற நாட்களில், குழலை அணைத்துவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறாள்.

சுரண்டையிலிருந்து வந்த ஒரு பெண் கூண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கயிறு எதுக்குக்கா?"

"கயிறு மொதலாளிக்கு. லைட்டுதான் பச்சோந்திக்கு."

சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கிழித்தாள்.